புனித கௌலுவின் புதுமை

மணிச் சத்தம் அடுத்த தெருவுக்கு வந்துவிட்டது. அமலோற்பவம் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள், படத்தின் சட்டத்தைத் தொட்டாள், கையை எடுத்துக்கொண்டாள், இறங்கினாள். இறங்கின பிறகு எதற்கு இறங்கினோம் என்றிருந்தது. சிரிப்பும் வந்தது. தலையில் நரை ஓடின ஒரு பிரெஞ்சு டீச்சர் தன் வீட்டு ஹாலில் ஸ்டூலில் ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறாள், பார்க்க யாரும் இல்லை என்பதுதான் ஒரே புண்ணியம். பாஸ்கா, ஈஸ்டர் முடிந்த வாரம் இது. பங்குச் சாமியார் தனிஸ்லாஸ் தெருத் தெருவாக வீடு மந்திரிக்க வருகிற வாரம். முன்னால் உபதேசியார் சந்தியாகு மணியடித்துக்கொண்டு வருவார், பின்னால் தெரு ஜெபக் குழுவான அன்பியத்துப் பெண்கள் பாடிக்கொண்டு வருவார்கள், நடுவில் சாமியார் தீர்த்தம் தெளித்து ஒவ்வொரு வீட்டையும் ஆசீர்வதிப்பார், வீட்டுக்காரர்கள் கலர் உடைத்துக் கொடுப்பார்கள், அவர் வேண்டாம் என்பார், அப்புறம் குடிப்பார். புதுச்சேரியில் இந்தத் தெருவில் வருஷா வருஷம் நடப்பதுதான். இந்த வருஷம் மட்டும் அமலோற்பவத்தின் ஹாலில், திரு இருதய ஆண்டவர் படத்துக்கு நேர் எதிர்ச் சுவரில், மூன்று படங்கள் புதிதாகத் தொங்குகின்றன. பழைய பிரெஞ்சுப் படங்கள், செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, மை பூசி, காகிதத்தில் ஒற்றி எடுத்தவை. மூன்றும் சாமியார்களையும் பக்திமான்களையும் கேலி செய்கிறவை. முதல் படத்தில் ஒரு தொந்திச் சாமியார், தலைக்குப் பின்னால் ஒளிவட்டம், கண் இரண்டும் வானத்தில், கை மட்டும் மேஜைக்குக் கீழே ஒரு வறுத்த வாத்தின் காலைக் கெட்டியாகப் பிடித்திருக்கிறது. ஒளிவட்டத்தை உற்றுப் பார்த்தால் அது சாப்பாட்டுத் தட்டு. இரண்டாவதில் அங்கி போட்ட நரி ஒன்று பிரசங்க மேடையில் நிற்கிறது, கீழே கோழிகள் கண்ணை மூடி உருகிக் கேட்கின்றன. மூன்றாவது படத்தை அவள் இப்போது பார்க்க விரும்பவில்லை.

கழட்டி அலமாரிக்குப் பின்னால் செருக எவ்வளவு நேரம் ஆகும், ஆணியைக்கூடப் பிடுங்க வேண்டாம், ஆணியில் ஒரு காலண்டரை மாட்டிவிட்டால் போச்சு, சாமியார் போனதும் திரும்ப மாட்டிக்கொள்ளலாம், இதில் என்ன பெரிய மானக்கேடு. ஆனால் வைத்திலிங்கம் சொன்னது காதில் நிற்கிறது. அந்த மனுஷர் எதையும் சத்தமாகச் சொல்வதில்லை, அதனால்தான் சொன்னது போவதில்லை. பொதுப்பணித் துறையில் படம் வரைகிறவர், கல்யாணம் என்ற ஒன்றைப் பண்ணிக்கொள்ளாமலே ஐம்பதைத் தாண்டினவர், பிரெஞ்சுக்காரன் காலத்துக் கட்டட வரைபடங்களில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிய வேண்டும் என்பதற்காக அவளுடைய மாலை வகுப்பில் வந்து சேர்ந்தார். கடைசி பெஞ்சு. மற்றவர்கள் எல்லாம் பிரான்சுக்குப் போக வேண்டும் என்று படிக்க, இவர் ஒருத்தர்தான் சமையலறைக்கும் குதிரைக் கொட்டிலுக்கும் பிரெஞ்சில் என்ன என்று கேட்டார். ஒருநாள் வகுப்பு முடிந்ததும் நியூஸ் பேப்பரில் சுற்றின கட்டோடு நின்றார். பழைய வீடு ஒன்றைக் காலி பண்ணினார்களாம், குப்பையோடு குப்பையாகக் கிடந்ததாம், கீழே எழுதியிருப்பதைப் படித்துச் சொல்ல முடியுமா மதாம் என்றார். அவள் படித்தாள். தொந்திச் சாமியாருக்குக் கீழே இருந்ததை வாய்விட்டுப் படித்து, அதற்குத் தமிழில் சொல்லப் போனவள், சொல்ல முடியாமல் சிரித்தாள். மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. புருஷன் செல்வநாதன் போன பிறகு அவள் அப்படிச் சிரித்ததே இல்லை, உண்மையைச் சொன்னால் அவர் போவதற்கு முன்னாலும் அப்படி ஒன்றும் சிரித்துக் கொட்டிவிடவில்லை. வைத்திலிங்கம் சிரிக்காமல் அவள் சிரிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார், படம் வரைகிறவர் கோடு பார்க்கிற பார்வை. மூன்று படத்தையும் அவளிடமே விட்டுப் போனார். உங்க சாமியார்களை மட்டும் கிண்டல் பண்ணுவதாக நினைக்க வேண்டாம், எங்களுடையதையும் காட்டுகிறேன் என்று பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்துக்கு பஸ்ஸில் கூட்டிப்போனார். பாறையில் ஒரு பூனை கையைத் தூக்கித் தவம் செய்கிறது, எலிகள் நம்பிக் கும்பிடுகின்றன. எத்தனையோ தடவை பார்த்த பூனைதான், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஓட்டிக்கொண்டு போய்க் காட்டின பூனைதான், அன்றைக்குத்தான் அதன் முகத்தைப் பார்த்தாள். திரும்பி வரும்போது கடற்காற்று அவள் முடியை அவர் முகத்தில் கொண்டுபோய்ப் போட்டது, அவர் விலக்கவில்லை, அவளும் முடிந்துகொள்ளவில்லை. அந்த மனுஷர்தான் நேற்று வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னார். "கழட்டறதுன்னா கழட்டுங்க மதாம், உங்க வீடு. ஆனா ஃபாதர் வர்றாருன்னு இதக் கழட்டினா, அப்புறம் யார் யார் வர்றப்போ என்னைக் கழட்டி வைக்கணும்னு ஒரு பழக்கம் வந்துடும்."

மணி நின்றது. ஏதோ ஒரு வீட்டுக்குள் போயிருக்கிறார்கள். தெரு முனையில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா வீடாக இருக்கும், அங்கே போனால் சீக்கிரம் விடமாட்டார், வியட்நாமில் ஆரம்பித்துவிடுவார், அதுவரை மூச்சு விடலாம். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, அது சாமியார் கையில் இருக்கிறது. ஓலை. கோயிலில் ஞாயிறு பூசையில், பிரசங்கம் முடிந்ததும், மைக்கில், இன்னார் மகள் இன்னாளுக்கும் இன்னார் மகன் இன்னாருக்கும் திருமணம் நடக்கவிருக்கிறது என்று ஊரறிய மூன்று வாரம் படிப்பார்களே, அந்த ஓலை. முதல் கல்யாணத்துக்குப் படித்தார்கள், ஆனால் அவள் கேட்கவில்லை. ஓலை படிக்கிற ஞாயிறுகளில் பெண் கோயிலுக்குப் போகக்கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம், கூச்சமாம். மூன்று ஞாயிறும் சமையலறையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள், அங்கே மைக்கில் அவளை யாருக்கோ கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இப்போது கேட்க வேண்டும். முன் வரிசையில் உட்கார்ந்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு, அமலோற்பவம் என்ற பேருக்குப் பக்கத்தில் வைத்திலிங்கம் என்ற பேர் மைக்கில் வருவதைக் காது நிறையக் கேட்க வேண்டும், ஊரே திரும்பிப் பார்க்கட்டும். சாமியாரிடம் பாஸ்காவுக்கு முன்னாலேயே போய்ச் சொல்லிவிட்டாள். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார். இந்து, இந்த வயசு, விதவை, கோயில் பள்ளிக்கூடத்து டீச்சர், பிஷப் ஆயருடைய அனுமதி வேண்டுமே, பார்க்கிறேன், வீடு மந்திரிக்க வரும்போது முடிவு சொல்கிறேன் என்றார். கெட்ட மனுஷர் இல்லை. நல்ல மனுஷரிடம் இல்லை என்ற பதிலை வாங்குவதுதான் கஷ்டம், திட்டவும் முடியாது. அவர் சரி என்று சொல்ல வேண்டிய நாளில், சொல்ல வேண்டிய ஹாலில், தொந்திச் சாமியாரை மாட்டி வைத்துக்கொண்டு நிற்கிறாள். மாட்டினது அவள்தான். ஆணி அடித்தது அவள், சட்டம் போடக் கொடுத்தது அவள், மாட்டிவிட்டு தூர நின்று பார்த்துத் தனக்குத் தானே கைதட்டினதும் அவள்தான். செல்வநாதன் இருந்த காலத்தில் இந்தச் சுவரில் காலண்டர் தவிர ஒன்றும் ஏறினதில்லை, அதிலும் தேதி கிழிக்கிற உரிமை அவருக்கு மட்டும்.

படத்தைப் பார்த்தால் சாமியார் சிரித்தாலும் சிரிப்பார், லியோனில் படித்தவர், பிரெஞ்சு தெரிந்தவர், எழுதியிருப்பதைப் படித்துவிடுவார். அவரை மட்டும் என்றால் சமாளித்துவிடலாம். ஆண்டவரே பக்தி வேஷம் போட்ட பரிசேயர்களைத் திட்டாத திட்டா ஃபாதர் என்று கேட்கலாம், கேட்க வேண்டிய வாக்கியத்தைக்கூடக் குளிக்கும்போது சொல்லிப் பார்த்துவிட்டாள். பயமெல்லாம் வேறொன்று. மரியபுஷ்பம். கோடி வீட்டு மரியபுஷ்பம், அன்பியத்துக்குத் தலைவி, போன வாரம் ஜெபமாலை சொல்ல அமலோற்பவத்தின் வீட்டு முறை வந்தபோது பெண்களை எல்லாம் கூட்டிக்கொண்டு வந்தாள். வந்தவள் தொந்திச் சாமியாருக்கு முன்னால் நின்றாள். ஒளிவட்டத்தைப் பார்த்தாள், வானத்தைப் பார்க்கிற கண்ணைப் பார்த்தாள், கீழே எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டினாள். எஸ், ஏ, ஐ, என், டி. செயிண்ட். புனிதர். பிரெஞ்சிலும் அதே எழுத்துதான், அதுதான் வினை. அடுத்த வார்த்தையையும் விடாமல் கூட்டி, "புனித கௌலு, இல்ல டீச்சர்?" என்றாள். மதாம் அமலோற்பவம், வருஷக்கணக்காகப் பிள்ளைகளுக்கு உச்சரிப்புச் சொல்லிக்கொடுத்து நாக்குத் தேய்ந்தவள், அது கௌலு இல்லை குலு என்று சொல்லியிருக்க வேண்டும். குலு என்றால் பெருந்தீனிக்காரன், இது புனிதர் இல்லை, புனிதர் பெருந்தீனி என்று ஒருத்தன் கேலிக்கு வைத்த பேர் என்று சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. பத்துப் பெண்கள் ஜெபமாலையும் கையுமாக நிற்கிறார்கள், இதில் ஒருத்தி போய்ச் சாமியாரிடம் சொன்னால் ஓலை போச்சு. "ஆமா" என்றாள். எந்த ஊர்ப் புனிதர் என்று கேட்டார்கள். பிரான்சு என்றாள். எதற்கு வேண்டிக்கொள்வார்கள் என்று கேட்டார்கள், அந்த நேரத்தில் அவள் கண் அந்தத் தொந்தியில் இருந்தது, வாய் தானாக "வயித்துக்கு" என்றது. இத்தோடு முடிந்திருக்கலாம். முடியவில்லை. மரியபுஷ்பத்தின் புருஷனுக்கு ராத்திரி எல்லாம் வயிற்றெரிச்சல், உருண்டு புரளுகிற மனுஷர். அவள் முந்தாநாள் புனித கௌலுவை நினைத்து ஒரு மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறாள். நேற்று ராத்திரி அவர் ஒரே தூக்கமாகத் தூங்கியிருக்கிறார். காலையில் பால் வாங்கப் போன இடத்தில் அமலோற்பவத்தின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். புதுமை டீச்சர், அற்புதம், புதுமை நடந்துடுச்சு என்று. இன்றைக்குச் சாமியாரோடு கூடவே வருகிறாளாம், பெரிய மெழுகுவர்த்தியோடு, புனித கௌலுவுக்கு வருஷத்தில் ஒரு நாள் பூசை வைக்கச் சொல்லிக் கேட்கப்போகிறாளாம்.

மணி மறுபடியும் அடித்தது, இப்போது இந்தத் தெருவில். பாட்டு கேட்கிறது, மரியபுஷ்பத்தின் குரல் எல்லாருக்கும் மேலே, சுருதி எல்லாம் அவளுக்குக் கால் தூசு. அமலோற்பவம் ஓடிப்போய் முகம் கழுவினாள், எதற்கு என்று தெரியாது. பவுடர் போட்டுக்கொண்டாள். துடைத்தாள். வயிற்றுக்குள் பிள்ளைப் பிராயத்தில் திருவிழா ராட்டினம் மேலே போய் நிற்கும்போது வருமே, அது வந்தது, பயம்தான், ஆனால் வெறும் பயம் என்றால் இப்படி இனிக்காது. ஸ்டூல் அங்கேயே கிடந்தது. ஏறினாள். இந்தத் தடவை எப்படியோ மூன்றாவது படத்துக்கு எதிரே ஏறிவிட்டாள், பார்க்க வேண்டாம் என்று வைத்திருந்த படம். ஒரு பெண் கோயிலில் முழங்காலிட்டிருக்கிறாள், தரையில் புரளுகிற நீளத்துக்கு ஜெபமாலை, கண்ணில் உருக்கம், பின்னால் நீண்டிருக்கிற கால் மட்டும் பிச்சைக்காரனின் தட்டை மெதுவாகத் தள்ளிவிடுகிறது. கீழே பக்தை என்று எழுதியிருக்கிறது. கீறினவன் அந்தப் பெண்ணின் வாயில் ஒரு சின்னக் கோடு போட்டிருக்கிறான், உதட்டோரத்தில், மயிரிழைக் கோடு. அந்தக் கோடு அவளுக்குத் தெரியும். போன வாரம் ஆமா என்று சொன்னபோது தன் வாயில் இருந்தது அதுதான், கண்ணாடி பார்க்கவில்லை, ஆனால் தெரியும், இழுப்பாக இருந்தது. சாமியார்களைக் கேலி செய்கிற படத்தை மாட்டிவிட்டு, அதைப் பார்த்து நாலு பேர் கும்பிட்டபோது, கும்பிடுங்கள் என்று சொன்னவள் யார். மரியபுஷ்பம் முட்டாள் இல்லை. அவளுக்குப் பிரெஞ்சு தெரியாது, அவ்வளவுதான். தெரிந்தவள் சொல்லவில்லை. தெரிந்தவள் மேடையில் ஏறி நிற்கிற நரி. வெட்கம் காது வரைக்கும் சுட்டது, அதற்கு நடுவிலும் ஒரு மூலையில், வைத்திலிங்கத்திடம் இதைச் சொன்னால் அவர் என்ன சொல்லுவார் என்று நினைத்தபோது சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. படத்தைக் கழட்டுவதா, பொய்யைக் கழட்டுவதா. கழட்டினால் மரியபுஷ்பம் எங்கே புனிதர் என்று கேட்பாள். விட்டால் சாமியார் படிப்பார். எப்படிப் பார்த்தாலும் மாட்டிக்கொண்டது படம் இல்லை. பக்கத்து வீட்டில் ஆமென் சொன்னார்கள், பக்கத்து வீட்டு நாய் குரைத்தது, அவள் ஸ்டூலை விட்டு இறங்கி அதை அடுப்படிக்குள் தள்ளினாள்.

வந்துவிட்டார்கள். உபதேசியார் சந்தியாகு மணியை உள்ளே ஒரு தரம் தேவையில்லாமல் அடித்தார். பெண்கள் நிறைந்தார்கள், ஹால் மல்லிகையும் வியர்வையுமாக ஆயிற்று. தனிஸ்லாஸ் சாமியார் ஆண்டவர் படத்துக்கு முன் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார், அவள் நெற்றியில் ஒரு துளி விழுந்து குளிர்ந்தது. அவர் திரும்புவதற்குள் மரியபுஷ்பம் எதிர்ச் சுவருக்குப் போய் மண்டி போட்டாள், மெழுகுவர்த்தியை ஏற்றினாள், புருஷனின் வயிற்றையும் நேற்றைய தூக்கத்தையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். சாமியார் சட்டைப் பையில் இருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். குனிந்தார். படித்தார். அவர் தட்டைப் பார்த்தார், வாத்துக் காலைப் பார்த்தார், தன்னுடைய தொந்தியையும் ஒரு கணம் பார்த்த மாதிரி இருந்தது. பிறகு மண்டி போட்டிருந்த பெண்களைப் பார்த்தார். கடைசியாக அமலோற்பவத்தைப் பார்த்தார், அவர் உதட்டோரத்தில் அதே மயிரிழைக் கோடு விழுந்தது. தெளிப்பானைத் தீர்த்தத்தில் தோய்த்து எடுத்துப் படத்துத் தொந்திச் சாமியார் மேலேயும் தெளித்தார். நம்பிக்கைதானம்மா முக்கியம் என்றார் மரியபுஷ்பத்திடம்.

கலர் கொடுக்கப் போன இடத்தில், அடுப்படி வாசலில், அவர் குரலைத் தாழ்த்தினார். கோபம் துளி இல்லை, பெற்ற அப்பா மாதிரி பேசினார். "ஆயர் சரின்னுட்டார் மதாம். விடியக்காலம் கோயில் பக்கப் பீடத்துல வச்சு முடிச்சுடலாம். ஓலை கீலை எல்லாம் வேணாம். படத்த நான் சத்தம் போடாம விட்டேன்ல, கல்யாணத்த நீங்களும் சத்தம் போடாம வச்சுக்குங்க."

கிடைத்துவிட்டது. ராத்திரி பகல் ஏங்கினது கையில் வந்துவிட்டது, கையில் கலர் பாட்டில் மாதிரி ஜில்லென்று இருக்கிறது, ஒரு சரி ஃபாதர் போதும். வைத்திலிங்கத்துக்குப் பக்கத்தில் நிற்கலாம், இருட்டு விலகாத நேரத்தில், சந்தியாகு ஒருத்தர் சாட்சியாகக் கொட்டாவி விட. நல்ல மனுஷர், உதவிதான் செய்கிறார். ஆனால் ஹாலில் மரியபுஷ்பம் இன்னும் மண்டி போட்டுக் கொழுப்புச் சொட்டுகிற வாத்தைப் பார்த்து நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறாள், அந்தப் பொய்யை மூடி வைக்கிறதற்குக் கிடைத்த கூலி இந்தக் கல்யாணம் என்றால், அந்தப் படத்தின் சட்டத்துக்குள் இன்னும் இரண்டு பேருக்கு இடம் போட வேண்டும், ஒன்று சாமியாருக்கு, ஒன்று அவளுக்கு. இல்லை. வைத்திலிங்கத்தை அலமாரிக்குப் பின்னால் செருக மாட்டாள். உடம்பெல்லாம் ஜிவ்வென்று ஏறியது. கலரை அவர் கையில் வைத்துவிட்டு ஹாலுக்கு வந்தாள், வகுப்பில் பேசுகிற குரலில் பேசினாள், வேறு குரல் அவளுக்கு வரவில்லை.

"மரியபுஷ்பம், எழுந்திரும்மா. அது புனிதர் இல்ல. பெருந்தீனிக்காரன்னு கேலியா எழுதியிருக்கு. எனக்குத் தெரியும், பயத்துல பொய் சொல்லிட்டேன். நீ முழங்கால் தேய நின்னதுக்கு நான்தான் உங்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

மரியபுஷ்பம் எழவில்லை. மெழுகுவர்த்தியையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள் அமலோற்பவம், வந்தது குழப்பம்தான். அப்படியென்றால் எங்க வீட்டுக்காரருக்கு எப்படிச் சரியாச்சு என்று கேட்டாள். உபதேசியார் சந்தியாகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, நேற்று சாராயக் கடை எல்லாம் லீவாச்சே என்றார். ஒரு பெண் சிரித்து, வாயைப் பொத்திக்கொண்டாள். மரியபுஷ்பம் சந்தியாகுவை முறைத்தாள், படத்தில் இருந்த வாத்தை முதல் தடவையாகப் பார்த்தாள், மெழுகுவர்த்தியை ஊதி அணைத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அமலோற்பவம் நிறுத்தவில்லை. நிறுத்தினால் பிறகு வராது. சாமியார் அடுப்படி வாசலில் கலரோடு நின்றார், அவரைப் பார்க்காமல் எதிரே இருந்த முகங்களைப் பார்த்து, மைக்கில் படிக்கிற அதே ராகத்தில் ஆரம்பித்தாள். "இந்தப் பங்கைச் சேர்ந்த சவரிராயன் மகள், செல்வநாதன் விதவை அமலோற்பவத்துக்கும், முத்தியால்பேட்டை கோவிந்தசாமி மகன் வைத்திலிங்கத்துக்கும் திருமணம் நடக்க இருக்கிறது." இரண்டு பெயரும் பக்கத்தில் பக்கத்தில் வந்து விழுந்ததைக் காது கேட்டது. "இதற்குத் தடை ஏதாவது இருக்கிறதென்று அறிந்தவர்கள் அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்."

ஓலை படித்து முடித்ததும் கோயிலில் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. யாராவது எழுந்திருப்பார்களா என்று சாமியார் நிமிர்ந்து பார்ப்பார், எல்லாரும் ஓரக்கண்ணால் எல்லாரையும் பார்ப்பார்கள், யாரும் வாய் திறக்கவில்லை என்றால் தடை இல்லை என்று கணக்கு. அவள் காத்திருந்தாள். பெண்களைப் பார்த்தாள், சந்தியாகுவைப் பார்த்தாள், மடியில் அணைந்த மெழுகுவர்த்தியோடு உட்கார்ந்திருந்த மரியபுஷ்பத்தைப் பார்த்தாள், கடைசியில் திரும்பிச் சாமியாரையும் பார்த்தாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.